ஏபெக்ஸ் சீல் தானாக உடைவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

டர்போ ரோட்டரி எஞ்சினில் பவர் திடீரென்று விழுந்தது பற்றிக் கேட்ட வாசகருக்கு, “ஏபெக்ஸ் சீல் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்துப் புது சீல் போடுங்கள்” என்று உங்கள் வாகனப் பக்கத்தில் தந்த பதில் பாதிதான் சரி. ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டார் சுழலும்; அதன் மூன்று முனைகளிலும் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டைதான் ஏபெக்ஸ் சீல். போனது அந்த சீலாகவே இருக்கலாம். ஏன் போனது என்று பார்க்காமல் புதிது போட்டால், அதே பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தில்) அதுவும் போகும். பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை பற்றி அந்தப் பதிலில் ஒரு வரிகூட இல்லை.

முதல் வேலை கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு, பார்ப்பது. பிஸ்டன் எஞ்சினுக்கான கேஜை அப்படியே செருகினால் அது ஏமாற்றும். ஒரு ரோட்டாருக்கு மூன்று முகங்கள். கேஜின் குழாயில் உள்ள சிறு வால்வு, அவற்றில் மிக நல்ல முகத்தின் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு சீல் உடைந்திருந்தாலும் முள் நன்றாகவே நிற்கும். அந்த வால்வைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் முள் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முறை துள்ளும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, அந்த ரோட்டாரின் இரண்டு பிளக்கில் ஒன்றை மட்டும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். முள்ளின் துள்ளலை செல்போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் மூன்று எண்களையும் நிதானமாகப் படிக்கலாம். எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டார்கள் சுழற்றும் மைய அச்சு) ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துள்ளல். ஆகவே 10 விநாடியில் ஏறத்தாழ 42 துள்ளல் வந்தால் வேகம் 250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 250 சுற்று). அதைவிட மெதுவாகச் சுற்றினால் எண்களும் குறைந்தே வரும். அதை வைத்து எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் இரண்டாம் தலைமுறையான எஃப்சி காலத்து 13பி என்ற இரண்டு ரோட்டார் எஞ்சினுக்கு 250 ஆர்பிஎம்மில் 85 பிஎஸ்ஐ கீழ் வரம்பு. முகத்துக்கு முகம் வித்தியாசம் 21 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. எண்ணின் அளவைவிட அவை எப்படி விழுகின்றன என்பதுதான் அதிகம் சொல்லும். ஒரு ஏபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவில் நிற்பதால், அது உடைந்தால் அடுத்தடுத்த இரண்டு துள்ளல்கள் சேர்ந்து விழும், மூன்றாவது மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஒரே ஒரு முகம் மட்டும் குறைந்தால் ரோட்டாரின் பக்கவாட்டில் உள்ள சைட் சீல், மூலையில் உள்ள கார்னர் சீல் பக்கம் சந்தேகப்படுங்கள். மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் அது தேய்மானம். இல்லையென்றால் பெட்ரோல் அதிகமாகி ஆயில் படலத்தைக் கழுவிவிட்டது. பிளக் துளை வழியாக 5 முதல் 10 மில்லி ஆயில் விட்டு, கையால் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். எண்கள் ஏறி, எஞ்சின் ஓடிய பிறகும் ஏறியபடியே நின்றால் பிரிக்கத் தேவையே இல்லை.

சீல் உடையாமல் கரியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. மெதுவாகவே ஓட்டப்படும் வண்டிகளில் இது படிப்படியாக வரும். உடைந்த சீல் பூஸ்ட்டில் இருக்கும்போது ஒரே நொடியில் தெரியும்: பவர் போகும், ஐடிலிங் குலுங்கும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சந்தேகம் தீர டர்போவையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் கழற்றி, முன்பக்க 19 மில்லிமீட்டர் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டில் (புகை வெளியேறும் துளையில்) ஒவ்வொரு சீலாக வந்து நிற்கும். மரக்குச்சியால் அழுத்தினால் ஸ்பிரிங்கில் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பாதது சிக்கியிருக்கிறது. முனை காணாமல் போயிருந்தால் விஷயம் முடிந்தது.

இனி காரணம். 13பி டர்போவின் ஏபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான், ரோட்டார் முனையில் உள்ள காடிக்கு (பள்ளத்துக்கு) வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நாக்கிங்கின் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதன்) அதிர்ச்சி அலை நேராக அதைத்தான் அடிக்கும். பிஸ்டன் எஞ்சின் கொஞ்ச நேரம் நாக்கிங்கைத் தாங்கி எச்சரிக்கை தரும். இதில் பல சமயம் ஓர் அடியே போதும், காதில் விழுவதற்குள் முடிந்துவிடும்.

அந்த அடி வரும் வழிகளில் பெரும்பாலானவை எரிபொருள் பக்கம்தான். பூஸ்ட்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11:1 அருகில் இருக்க வேண்டும். ஆனால் டவுன்பைப்பில் (டர்போவை அடுத்து வரும் புகைக்குழாயில்) உள்ள சென்சார் இரண்டு ரோட்டாரின் புகையையும் கலந்துதான் பார்க்கிறது. ஒன்று 10.5, மற்றொன்று 12 என்று ஓடினாலும் மீட்டரில் 11.2 என்று அழகாகக் காட்டும். இரண்டாம் கட்ட இன்ஜெக்டர்கள் (பெட்ரோல் தெளிப்பான்கள்) அதிக லோடில் மட்டும் வேலை செய்வதால், சாதாரண ஓட்டத்தில் சும்மா இருந்து பிசின் பிடிக்கும். நான்கையும் கழற்றிப் பாய்வை அளந்து பார்க்காமல் டியூனிங்கில் கை வைப்பது வீண். எஃப்சி டர்போவிலும் அடுத்த தலைமுறையான எஃப்டியிலும் குறைந்த லோடில் பெட்ரோல் பம்ப்புக்குக் குறைந்த வோல்டேஜ் தரும் ரெசிஸ்டரும் ரிலேயும் உண்டு. அந்த ரிலே சிக்கினால் முழு பூஸ்ட்டிலும் பம்ப் அரைத்தூக்கத்தில் ஓடும். பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்து லோடில் வோல்டேஜ் பாருங்கள்.

எஃப்டியில் சைலன்சரைத் தாராளமான அளவில் மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேஸ்ட்கேட் துளை (உபரிப் புகையை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிடும் வழி) சிறியது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் தானாகவே மேலே ஊர்ந்துபோகும். கம்பெனி அளவான 10 பிஎஸ்ஐயில் நிற்காது. துளையைப் பெரிதாக்குவதுதான் மருந்து, பூஸ்ட் கன்ட்ரோலர் இதற்கு உதவாது.

இக்னிஷனில் மிக ஆபத்தானது ட்ரெய்லிங் பிளக் (ரோட்டாரின் இரண்டு பிளக்கில் பின்னால் பொறி விடுவது; முதலில் விடுவது லீடிங்) வயர்கள் முன் ரோட்டாருக்கும் பின் ரோட்டாருக்கும் மாறிப்போவது. லீடிங் பிளக்குகள் வேலையைப் பார்த்துக்கொள்வதால் ஐடிலிங் ஒழுங்காகவே இருக்கும், பூஸ்ட் ஏறியதும் சீல் போகும். பிளக் மாற்றியபின் வந்த கோளாறு என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பிளக்கின் வெப்ப அளவு எண் லீடிங்கில் 7, ட்ரெய்லிங்கில் 9 என்பது கம்பெனிக் கணக்கு. பூஸ்ட் கூட்டியவர்கள் நான்கிலும் 9 போடுவது நல்லது.

சீல்களுக்கு அளவோடு ஆயில் விடும் ஆயில் மீட்டரிங் பம்ப்பின் பிளாஸ்டிக் குழாய்கள் சூட்டில் நொறுங்கும். அதைக் கண்டு பம்ப்பையே கழற்றிவிடுவோர் உண்டு. கழற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஒவ்வொரு முறையும் பெட்ரோலில் கலக்க வேண்டும். மறக்கக்கூடியவர் பம்ப்பைத் தொடாமல் குழாயை மட்டும் மாற்றுவது மேல்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால், சீல் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) காடியில் சீலின் இடைவெளியை அளங்கள், 0.15 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் புது சீலும் ஆடும், ரோட்டார் மாற்ற வேண்டியதுதான். பழைய சீலையே திரும்பப் போடுவதானால், புதிதில் 8 மில்லிமீட்டராக இருந்த உயரம் 6.5க்குக் கீழே போயிருக்கக் கூடாது. சைட் சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவே 0.05 முதல் 0.15 வரை இருக்கலாம். ஹவுசிங்கில் (ரோட்டார் சுழலும் கூட்டில்) பிளக் துளைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் குரோம் உரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் ஹவுசிங்கில் எந்த சீலும் நிலைக்காது. உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகத்தான் வெளியேறும், போகிற வழியில் டர்பைன் இறக்கைகளைக் கடித்துவிட்டுப் போகும். டர்போவைத் திறந்து பார்க்காமல் மறுபடி பூட்டாதீர்கள்.

“உடையாத சீல்” என்று விற்கப்படும் ஸ்டீல் சீல்களை நம்பி டியூனிங்கை அலட்சியப்படுத்த வேண்டாம். அவை உடையாமல் வளையும், அவ்வளவுதான். டர்போ தப்பிக்கும், கம்ப்ரஷன் போனது போனதுதான்; சில வகைகள் குரோமையும் சீக்கிரம் தின்னும்.

அந்த வாசகர் கேட்ட கேள்விக்கு: முதலில் வால்வு கழற்றிய கேஜ், பிறகு ட்ரெய்லிங் வயர்கள், பம்ப் வோல்டேஜ், இன்ஜெக்டர்கள். இவற்றுக்கு எஞ்சினை இறக்க வேண்டியதே இல்லை.

இப்படிக்கு,
ரோட்டரி எஞ்சின் மெக்கானிக் ஒருவர்