இரண்டாம் பருவ நிறைவும், ‘கதையும் படமும்’ கட்டுரை குறித்த ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் படிப்பிலும் விளையாட்டிலும் மனநிறைவு தரும்படி செயல்பட்டார்கள். கோ-கோ அணி வட்டார இறுதிப்போட்டி வரை சென்றது. அறிவியல் கண்காட்சி, ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல் எல்லாம் சிறப்பாக நடந்தேறின. 10-ஆம் வகுப்புக் காலைச் சிறப்பு வகுப்புகளுக்குப் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பிவைத்தமைக்கு நன்றி. விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கொடுக்கப்படும்.

இனி, 6, 7-ஆம் வகுப்புகளில் நடந்த ‘கதையும் படமும்’ செயல்திட்டம் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

வேலை எளிமையானதுதான். டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட குட்டிக் கடற்கன்னி கதையை நூலக வேளையில் ஆசிரியர் வாசித்துக் காட்டினார். அந்தக் கதையை வைத்து டிஸ்னி நிறுவனம் 1989-இல் எடுத்த கார்ட்டூன் படம், 2023-இல் நடிகர்களை வைத்து எடுத்த படம், இரண்டில் ஏதேனும் ஒன்றைப் பிள்ளைகள் வீட்டில் உங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கம் எழுத வேண்டும்: கதையில் இருந்தது எது, படத்தில் மாறியது எது, அந்த மாற்றம் எனக்குப் பிடித்ததா, ஏன்.

நல்ல பக்கங்கள் நிறைய வந்தன. 7-ஆம் வகுப்பில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “கார்ட்டூனில் நண்டு பயந்தால் கண் பிதுங்கும், வாய் கோணும். புதுப் படத்தில் குரல்தான் பயப்படுகிறது, முகம் சும்மா இருக்கிறது.” நிஜமான நண்டைப் போலவே கணினியில் செய்தால் அதற்குப் புருவம் இல்லை, உதடு இல்லை, உணர்ச்சி காட்ட இடமே இல்லை. பெரிய விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதிய குறையை இந்தப் பிள்ளை இரண்டே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். இன்னொருவர், அக்காக்கள் தங்கைக்காகத் தலைமுடியை வெட்டிச் சூனியக்காரியிடம் கொடுக்கும் இடம் எந்தப் படத்திலும் இல்லையே, தனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது என்று வருத்தப்பட்டிருந்தார்.

ஆனால் திருத்தும்போது 2023 படத்தைப் பற்றி வேறொரு வகைப் பக்கங்களும் கைக்கு வந்தன. “இந்தப் படம் ஃபிளாப். எல்லாரும் டிஸ்லைக் போட்டார்கள். கதாநாயகி கலராக இல்லை.” ஏறக்குறைய இதே மூன்று வாக்கியங்கள் பல கட்டுரைகளில் இருந்தன. படத்தில் என்ன நடந்தது என்று கேட்டபோது அவர்களில் பெரும்பாலானோருக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஃபோனில் தேடி, முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

அந்த எண்களும் கருத்துகளும் எப்படி உருவாகின்றன என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது சுலபம். 2019 ஜூலையில், ஏரியல் என்ற கடற்கன்னியாக ஹேலி பெய்லி என்ற கறுப்பின நடிகை நடிக்கிறார் என்று அறிவிப்பு வந்தது. ஒரு காட்சிகூடப் படமாக்கப்படாத அந்த நாளிலேயே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் ஒரு சின்ன முன்னோட்டம் வந்ததும் யூடியூபில் லட்சக்கணக்கில் டிஸ்லைக் விழுந்ததாகச் செய்தி பரவியது. டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பர் முதல் பொதுவில் காட்டுவதில்லை. பரவிய எண், பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் தனியார் செருகு நிரல் போட்ட மதிப்பீடு. படம் திரைக்கு வந்தது 2023 மே 26-ஆம் தேதி. ஆக, “எல்லாரும் டிஸ்லைக் போட்டார்கள்” என்ற வாக்கியம் படம் வருவதற்கு எட்டு மாதம் முந்தியது. அதைப் படத்தைப் பற்றிய கருத்தாக எப்படி எடுத்துக்கொள்வது?

படம் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. பார்வையாளர்கள் படங்களுக்கு மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளம் இந்தப் படத்துக்கு வழக்கத்துக்கு மாறான வாக்குப்பதிவு நடப்பதைக் கண்டு, மதிப்பெண்ணை வேறு முறையில் கணக்கிட்டிருப்பதாகப் படத்தின் பக்கத்திலேயே அறிவிப்பு வைத்தது. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை 6-ஆம் வகுப்புச் சராசரிக் கணக்கே சொல்லிவிடும். 100 பேர் படம் பார்த்துச் சராசரியாக 7 மதிப்பெண் போடுகிறார்கள். பார்க்காத 40 பேர் வந்து ஆளுக்கு 1 போடுகிறார்கள். மொத்தம் 740, 140 பேருக்கு வகுத்தால் 5.3. பார்த்தவர்களில் ஒருவர்கூட மனம் மாறவில்லை, ஆனால் 7 என்பது 5.3 ஆகிவிட்டது. வீட்டில் பிள்ளையிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

பட விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தப் படத்தை விமர்சகர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றார்கள். டிக்கெட் வாங்கியது சரிபார்க்கப்பட்ட பார்வையாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்றார்கள். அந்தச் சதவீதம் நம் தேர்வு மதிப்பெண் போன்றது இல்லை. பிடித்தது என்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது மட்டுமே. பத்துப் பேரும் “சுமார்தான், ஆனாலும் ஒருமுறை பார்க்கலாம்” என்றால்கூட அங்கே 100 சதவீதம் என்று காட்டும். டிக்கெட் சரிபார்க்கும் முறையை அந்தத் தளம் 2019-இல் கொண்டுவந்ததே, படம் பார்க்காமல் வந்து கருத்துச் சொல்பவர்களின் தொல்லை தாங்காமல்தான்.

“மூலக்கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வதுகூடத் தப்பா?” என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் தன் கதையின் நாயகியான, கடலரசனின் கடைசி மகளின் தோல் ரோஜா இதழ் போலவும் கண்கள் ஆழ்கடலைப் போல நீலமாகவும் இருந்தன என்றே எழுதியிருக்கிறார். படத்தில் அப்படி இல்லை என்று ஒரு பிள்ளை குறித்தால் அது சரியான ஒப்பீடு. முழு மதிப்பெண் உண்டு. அதே கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது. ஏரியல் என்ற பெயரும் சிவந்த தலைமுடியும் 1989 படம் தந்தவை. கதையில் சூனியக்காரி அவள் நாக்கை அறுத்துவிடுகிறாள். கால் வந்த பின் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போல வலிக்கிறது. இளவரசன் வேறொரு பெண்ணை மணக்கிறான். அவனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அவள் கத்தியை வீசிவிட்டுக் கடலில் குதித்து, நுரையாகி, காற்றின் மகள்களோடு சேர்கிறாள். இந்த முடிவைத் திருமணமாக மாற்றியது 1989 கார்ட்டூன். ஆறு பெண்களையும் வளர்த்த பாட்டியை இரண்டு படங்களுமே விட்டுவிட்டன. மூலத்தின் மேல் இவ்வளவு பற்றுள்ளவர்களில் ஒருவராவது அந்தப் பாட்டி எங்கே போனாள் என்று கேட்டாரா? மாறியதை எல்லாம் கணக்கில் எடுத்துப் பேசினால் அது விமர்சனம். மாறியவற்றில் தோல் நிறம் ஒன்று மட்டுமே கண்ணில் படுகிறது என்றால், அங்கே மூலக்கதை வெறும் சாக்கு.

படத்தைக் குறை சொல்லவே கூடாது என்று பள்ளி சொல்லவில்லை. குறை சொல்ல நிறையவே இருக்கிறது. கடலடிக் காட்சிகள் பல இடங்களில் மங்கலாக இருக்கின்றன. கார்ட்டூன் 83 நிமிடம், இது 135 நிமிடம். கூடிய 52 நிமிடத்தில் கதையை முன்னகர்த்தாத இடங்கள் உண்டு. பாராட்டவும் இருக்கிறது. பழைய படத்தில் கடைசியில் சூனியக்காரியைக் கப்பலால் முட்டி வீழ்த்துவது இளவரசன். புதியதில் ஏரியலே சக்கரத்தைப் பிடிக்கிறாள். பழைய கடற்காகத்துக்குப் பதிலாக நீரில் பாய்ந்து மீன்பிடிக்கும் வேறு பறவையைப் போட்டதால், அது கடலுக்குள்ளேயே வந்து ஏரியலோடு பேச முடிகிறது. இதையெல்லாம் கவனித்து, “ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை” என்று ஒரு பிள்ளை முடித்தால், அந்தப் பக்கத்தை மகிழ்ச்சியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

இப்போது சொல்லப்போவதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாவில் இந்தக் கதையை நாடகமாகப் போடுகிறோம். கடைசி மகளாக நடிக்க, குரல் வளமும் மனப்பாடமும் பார்த்து ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தோம். நடிகையைப் பற்றி இணையத்தில் படித்த அதே சொற்களை வகுப்பில் சிலர் அந்த மாணவியைப் பார்த்துச் சொன்னார்கள். அதே வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், “கொஞ்சம் கலரான பிள்ளையாகப் போட்டிருக்கலாமே” என்று ஒரு பதிவு வந்தது. அதற்குச் சிரிப்புப் பொம்மைகளும் விழுந்தன. அந்த மாணவி இரண்டு நாள் ஒத்திகைக்கு வரவில்லை.

எங்கோ அமெரிக்காவில் இருக்கும் நடிகையைச் சொன்னோம், நம் பிள்ளைகளைச் சொல்லவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நம் வகுப்பறைகளில் பெரும்பாலான பிள்ளைகள் மாநிறமும் கறுப்பும்தான். அழகான இளவரசியாக இருக்க இந்த நிறம் ஆகாது என்று வீட்டில் டிவியைப் பார்த்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளின் காதில்தான் விழுகிறது. நிறத்தை வைத்துச் சக மாணவரைக் கேலி செய்வது இப்பள்ளியில் ஒழுங்குமீறல். செய்தவரின் பெற்றோர் நேரில் அழைக்கப்படுவர். வகுப்புகளின் பெற்றோர் குழுவில் எந்தப் பிள்ளையின் தோற்றத்தைப் பற்றியும் பதிவு வந்தால், பதிவிட்டவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். பள்ளி அறிவிப்புகளை அவர் அலுவலகத்தில் நேரில் பெற்றுக்கொள்ளலாம். இதில் விதிவிலக்கு யாருக்கும் இல்லை.

பார்க்காமல் எழுதியவர்கள் விடுமுறையில் மீண்டும் ஒருமுறை எழுதலாம். மதிப்பெண் குறைக்கப்படாது. உங்கள் உதவி தேவைப்படுவது இங்கேதான். முதலில் கதை. சத்தம் போட்டு வாசித்தால் ஒரு மணி நேரம் போல ஆகும். இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நாக்கை அறுக்கும் இடத்திலும் கத்தி வரும் இடத்திலும் சின்னவர்கள் பயப்படலாம். அங்கே நீங்களே வாசியுங்கள். 2023 படத்தை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். ஏரியல் குரலை இழந்து, கால் பெற்று, கரை சேரும் இடம் ஏறக்குறைய நடுவில் வருகிறது. அங்கே நிறுத்தி, மீதியை மறுநாள் பாருங்கள். ஃபோனில் பார்த்தால் கடலடிக் காட்சிகள் ஒன்றும் தெரியாது, டிவிதான் நல்லது. டிவிக்கு எதிரே எரியும் டியூப்லைட்டை அணைத்து, மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். அந்த அமைப்பு திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடும். “படம் ஒரே இருட்டு” என்று எழுதியவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். கடைசியில் சூனியக்காரி மலைபோல உயரும் புயல் காட்சி ஏழு வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளுக்குக் கனமானது. ஒலியைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

பார்க்கும்போதே பிள்ளை ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘கதையில்’, வலப்பக்கம் ‘படத்தில்’ என்று ஐந்து குறிப்புகள் எழுதிக்கொண்டால் போதும். அந்த ஐந்தில் ஒன்றைப் பிடித்து “ஏன்?” என்று இரண்டு தடவை கேளுங்கள். “போர்” என்று சொன்னால், எந்த இடத்தில் போர் அடித்தது என்று கேளுங்கள். உங்கள் தீர்ப்பை மட்டும் பிள்ளை எழுதி முடிக்கும்வரை தயவுசெய்து சொல்லாதீர்கள். பெற்றோர் முதலில் பேசிவிட்டால் அதன்பின் பிள்ளையின் பேனா நகராது. இந்த முறை வந்த கட்டுரைகளிலேயே அது நன்றாகத் தெரிந்தது. எழுதி முடித்த பிறகு நீங்கள் மாறுபட்டுப் பேசலாம், வாதாடலாம். அந்த வாதத்தையும் பிள்ளை நான்கு வரியில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. இணைய மதிப்பெண் கட்டுரையில் வேண்டவே வேண்டாம்.

கட்டுரையைப் பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுக்கலாம். படம் பார்க்க வீட்டில் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு, கதையை மட்டும் வைத்து எழுதும் வேறொரு கேள்வி தயாராக இருக்கிறது. யாரும் இதற்காகப் புதிதாகச் சந்தா கட்ட வேண்டாம்.

இந்தச் செயல்திட்டத்துக்காகப் பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்த்த அத்தனை பெற்றோருக்கும் நன்றி. வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டியதாகப் பலர் தெரிவித்தீர்கள். அதன் பலன் கட்டுரைகளில் தெரிகிறது. வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு வந்த உடனே, “அந்தப் பிள்ளைதான் நன்றாகப் பாடுகிறது, அதுவே நடிக்கட்டும்” என்று எழுதிய தாய்க்கும், தன் பதிவை நீக்கிவிட்டு நேரில் வந்து வருத்தம் தெரிவித்தவருக்கும் தனியாக நன்றி சொல்கிறேன்.

நாடகத்தின் நடிகர் பட்டியலில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மாணவி ஒத்திகைக்குத் திரும்பிவிட்டார். வால் உடை தைக்க முன்வந்திருக்கும் தாய்மார்கள் பச்சை சாட்டின் துணியை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். நடப்பதற்கு வசதியாக முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் பிளவு விட்டுத் தையுங்கள். ஊக்கு குத்த வேண்டாம், கழன்று காலில் ஏறிவிடும். கதையில் பாட்டி பேத்தியின் வாலில் 8 சிப்பிகளைப் பொருத்தி அனுப்புகிறாள். நம் நாடகத்தில் பாட்டி உண்டு, ஆகவே 8 சிப்பிகளும் வேண்டும். தெர்மாகோல் உடைந்துவிடுகிறது என்பதால், அட்டையில் வெட்டி வெள்ளிக் காகிதம் ஒட்டித் தந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்