பேஸ் பெட்டியை மூலையிலிருந்து வெளியே எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முகூர்த்த மாதங்கள் தொடங்கினால் வரவேற்புக் கச்சேரிகளைப் பற்றிய மனக்குறையும் கூடவே தொடங்கிவிடும். பாட்டு வரி புரியவில்லை, நெஞ்சுக்கூட்டில் இடிக்கிறது, பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடப் பேச முடியவில்லை என்பார்கள். திட்டு முழுவதும், எல்லா மைக்கின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரில் உட்கார்ந்திருக்கும் மைக் செட்காரருக்குத்தான். அவர் மொத்தச் சத்தத்தையும் இறக்குவார். பாட்டு இறங்கும், இடி இறங்காது. ஏனென்றால் அந்த இடியில் பெரும்பங்கு அவருடைய மிக்ஸர் வழியாக வருவதே இல்லை. தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்குப் பின்னால் நிற்கும் ஆம்பிலிருந்தும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் பெட்டியிலிருந்தும், அதைவிட அந்தப் பெட்டி வைக்கப்பட்ட இடத்திலிருந்தும் வருகிறது.

இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போவதை வாயாலேயே பாடிக் காட்டக்கூடிய ரசிகர்கள் இங்கே ஏராளம். அவர்கள் முன்னால் அந்த வாத்தியத்தை வெறும் உறுமலாகக் கேட்க வைப்பது பெரிய இழப்பு. புதுப் பெட்டி வாங்காமலே இதில் பாதியைச் சரிசெய்யலாம்.

வரவேற்பில் மெயின் மேடை மணமக்களுக்கு. மெல்லிசைக் குழுவுக்குக் கிடைப்பது பக்கவாட்டில், ஹாலின் மூலையில், இரும்புக் கால்கள் மேல் பலகை பரப்பிய ஒன்றரை அடி மேடை. அதிலும் பாடகர்கள் முன்னால், கீபோர்டு நடுவில். பேஸ் பெட்டி மிச்சமிருக்கும் இடத்துக்கு, அதாவது மூலைக்குள்ளேயே இருக்கும் மூலைக்குத் தள்ளப்படும். தாழ்ந்த சுரங்களுக்கு இதைவிட மோசமான இடம் மண்டபத்தில் கிடையாது.

பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியைத் திறந்து, அதாவது விரலால் அழுத்தாமல், மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு). நம் ஊர் வெக்கையில் அந்த அலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர். இவ்வளவு நீளமான அலைக்கு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை. நாலா பக்கமும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் போவதோடு சேர்ந்துகொள்ளும். தரை நடுவில் இருந்த பெட்டியை ஒரு சுவரோடு ஒட்டினால் மிகத் தாழ்ந்த சுரங்கள் கணக்குப்படி 6 டெசிபல் வரை ஏறும். இரண்டு சுவர் சேரும் மூலையில் 12 வரை ஏறும். 6 டெசிபல் ஏற்ற வேண்டுமானால் ஆம்பின் வாட்டை நான்கு மடங்காக்க வேண்டும். 12 என்றால் பதினாறு மடங்கு. உண்மையான சுவர் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும் என்று கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண ஏற்றமல்ல. மேல் சுரங்களுக்கு இந்த ஏற்றம் கிடைக்காது. அதனால்தான் விரல் கம்பியைத் தொடும் ஒலி மறைந்து, இடி மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே பக்கச் சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். பின்சுவர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒட்டி வைக்கலாம், அல்லது நன்றாகத் தள்ளி வைக்கலாம். அரைகுறையாக வைக்கக் கூடாது. ஸ்பீக்கரின் முகத்திலிருந்து சுவர் 1 மீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 2 மீட்டர் கூடுதலாக நடந்து வந்து 87 ஹெர்ட்ஸுக்கு எதிராக நிற்கும். டி கம்பியின் மூன்றாவது பிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கோடு) வரும் சுரம் அது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது மெலிந்துவிடும். தூரம் 1.6 மீட்டரானால் அடி விழுவது 55 ஹெர்ட்ஸுக்கு, அதாவது திறந்த ஏ கம்பிக்கு. வாசிப்பவர் ஒரே அழுத்தத்தில் வாசித்தாலும் ஒரு சுரம் முழங்கும், அடுத்தது காணாமல் போகும். 'கை சரியில்லை' என்று கலைஞரைக் குறை சொல்வோம். பெட்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டிவிட்டால், பெட்டியின் ஆழமான 40, 45 சென்டிமீட்டர்தான் தூரம். இப்படி மெலியும் பள்ளம் 200 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய்விடும், அடிச்சுரங்கள் தப்பிக்கும். ஒட்டியதால் கிடைத்த கூடுதல் முழக்கத்தை ஆம்பின் பேஸ் திருகை இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். பள்ளத்தை எந்தத் திருகாலும் நிரப்ப முடியாது. பெட்டியின் காற்றுத் துவாரம் பின்பக்கம் இருந்தால் மட்டும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

இங்கே ஏமாறுவது எளிது. பூ அலங்காரமும் துணித் திரையும் தெர்மாகோல் தூண்களும் தாழ்ந்த ஒலிக்குச் சுவரே அல்ல. அவற்றை ஊடுருவிப் போய்விடும். அலங்காரத்துக்குப் பின்னால் ஆள் நடக்க ஒரு மீட்டர் இடம் விட்டுத்தான் நிஜச் சுவர் இருக்கும். திரையோடு ஒட்டி வைத்துவிட்டு 'சுவரோரம் வைத்தாயிற்று' என்று நினைத்தால், மேலே சொன்ன அந்த மோசமான தூரத்தில் கச்சிதமாக வைத்திருப்போம். திரையை விலக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். பேஸ் வாசிப்பவரே சத்தத்தை ஏற்றுவதற்கு முக்கியக் காரணம், அவருக்கு அவர் வாசிப்பது கேட்காததுதான். பெட்டி தரையில் இருக்கிறது, ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது. தாழ்ந்த ஒலி பரவினாலும் மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். 15 அங்குல ஸ்பீக்கரில் ஆயிரம் ஹெர்ட்ஸை நெருங்கும்போதே இந்தக் குவிதல் தெரியும். எந்தச் சுரம் என்று காது பிரித்தறிய உதவும் பகுதி அதற்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறது. அது வாசிப்பவரின் கால் சட்டையில் பட்டுவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முகத்தில் போய் அடிக்கிறது. வாசிப்பவர் காதுக்கு மூட்டமான ஒலி மட்டும் வருவதால் அவர் இன்னும் ஏற்றுகிறார். ஸ்பீக்கரை இடுப்புக்கு மேலே தூக்குங்கள், அல்லது முன்பக்கம் ஆப்பு கொடுத்து முப்பது, நாற்பது டிகிரி பின்னால் சாய்த்து அவர் முகத்தைப் பார்க்க வையுங்கள். நம் குழுக்களில் பலர் உட்கார்ந்து வாசிப்பவர்கள். அவர்களுக்கு முக்காலி உயரமே போதும். இதைச் செய்த மறுநிமிடம் அவரே ஆம்பின் வால்யூமைக் குறைப்பார்.

பிளாஸ்டிக் நாற்காலி மேல் மட்டும் ஏற்றாதீர்கள். 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகரும், கடைசியில் சாயும். மைக் செட் வண்டியிலேயே இருக்கும் கனமான மரப்பெட்டியோ இரும்பு மேஜையோ போதும். மேலே ரப்பர் விரிப்பு போட்டு பெல்ட்டால் கட்டிவிடலாம். இரண்டு சிறிய பெட்டிகள் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். பக்கவாட்டில் வைத்தால் மேல் ஒலி இரண்டிலிருந்தும் வந்து ஒன்றையொன்று வெட்டும். ஓரடி நகர்ந்தால் ஒலியின் நிறமே மாறும். அடுக்கினால் அகலமாகப் பரவும், மேல் பெட்டி காதுக்கும் வந்துவிடும்.

பலகை மேடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே வெற்றிடம், மேலே மெல்லிய பலகை. அது மேடையல்ல, ஒரு பெரிய தவில். பெட்டியை நேரே அதன் மேல் வைத்தால் பெட்டியின் அதிர்வு பலகைக்குப் போய், பலகையிலிருந்து மைக் ஸ்டாண்டுகளில் ஏறி, மிக்ஸர் வழியாகச் சபையை நோக்கிய பெரிய பாக்ஸுகளுக்குப் போகிறது. பேஸ் சேனலை முழுக்க மூடிய பிறகும் ஹாலில் பேஸ் கேட்கிறதா? அது இந்த வழியாக வந்ததுதான். சோதிப்பது எளிது: ஈ, ஏ கம்பிகளை மாறி மாறி மீட்டச் சொல்லி, பெட்டியிலிருந்து நான்கடி தள்ளிப் பலகையில் உள்ளங்கையை வையுங்கள். கூசினால் பெட்டியைப் பலகையிலிருந்து பிரிக்க வேண்டும். இரண்டு அங்குலக் கெட்டி ஃபோம் துண்டு அல்லது ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தையில் வெட்டிய துண்டு போதுமானது. மெத்தென்று முழுவதும் அமுங்கிப்போகிற பஞ்சு பயன்படாது. முடிந்தால் பெட்டியை மேடையிலிருந்து இறக்கி, பின்னால் சிமென்ட் தரையில் நிறுத்தி, அங்கிருந்தே வாசிப்பவரை நோக்கிச் சாய்த்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. கான்கிரீட் மேடைக்கு இந்தப் பாடு தேவையில்லை.

யார் பக்கத்தில் வைப்பது? ட்ரம்ஸ் இருந்தால் ஹைஹேட் (காலால் மிதிக்கும் ஜோடித் தட்டு) பக்கமாக, ட்ரம்மருக்கு 3 மீட்டருக்குள். ஒலி 10 மீட்டர் நடக்கக் கிட்டத்தட்ட 29 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். மேடையின் இரு கோடியில் இருவரும் இருந்தால் தாளம் இழுப்பது போல இருவருக்குமே தோன்றும். பெட்டி ஸ்னேர் ட்ரம்மை நேராகப் பார்க்கக் கூடாது. அந்த ட்ரம்மின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள் பேஸுக்கு நடுங்கிக் கரகரக்கும். நம் குழுக்களில் பெரும்பாலும் ரிதம் பேட்தான் (தட்டினால் மின்னணுத் தாள ஒலி தரும் கருவி). அதற்குச் சொந்தச் சத்தம் இல்லை, மானிட்டரில்தான் (வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) கேட்கும். எனவே ரிதம் பேடின் மானிட்டரும் பேஸ் பெட்டியும் ஒரே பக்கம் இருக்கட்டும். பேட் ஸ்டாண்ட் அதிரும் பலகையில் நின்றால் அடிக்காமலே ஒலிக்கவும் வாய்ப்புண்டு.

தபலா, டோலக் இருந்தால் அவற்றிலிருந்து முடிந்த அளவு தூரம். பாடகர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பெண் குரலுக்கு 120, 150 வரைகூட வெட்டலாம், ஒன்றும் கெடாது. டக்காவின் (தபலா ஜோடியில் பெரியது) கும்மென்ற கும்காரம் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருப்பதால் தபலா மைக்கில் அப்படி வெட்ட வழியில்லை. பேஸ் பெட்டி அருகில் இருந்தால் டக்காவின் தோல் தானாக அதிரும், மைக் அதை எடுத்து ஊளையிடும். பாவம், தபலாக்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆம்பிலிருந்தும் பெரிய பாக்ஸிலிருந்தும் ஒரே பேஸ் வரும்போது இன்னொரு சிக்கல். ஆம்ப் 3 மீட்டர் பின்னால் இருந்தால் அதன் ஒலி சுமார் 9 மில்லி செகண்ட் பிந்தி வரும். 57, 58 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் மோதி மெலியும். மிக்ஸரில் பேஸ் சேனலின் ஃபேஸ் சுவிட்சை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றிப் பார்த்து, ஹாலின் நடுவில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைத் தாமதிக்கும் டிலே வசதி இருந்தால் அந்தச் சேனலுக்கு மட்டும் 9 மில்லி செகண்ட் கொடுக்கலாம். முந்நூறு, நானூறு பேர் உட்காரும் மண்டபத்தில் ஆம்பை வாசிப்பவரின் மானிட்டராக மட்டும் வைத்துக்கொண்டு, சபைக்கு டிஐ பாக்ஸ் (கிட்டாரை நேராக மிக்ஸரில் இணைக்கும் சிறு பெட்டி) வழியாகக் கொடுப்பதே சரி.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். ஹம் (மின்சார இரைச்சல்) வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், எர்த் இல்லாத இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகுவதும் இன்னும் நடக்கிறது. கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக். இரண்டுக்கும் இடையில் 230 வோல்ட் நிற்க அது ஒன்று போதும். ஹம்முக்கு வழி டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது). ஆம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் சரிபார்த்த லைன் எடுக்க வேண்டும். சீரியல் பல்புக்கு வேறு லைன். பாடுவதற்கு முன் கம்பியிலும் மைக் வலையிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கர் சேராத தனி ஹெட் ஆம்ப் என்றால் பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும், கிட்டார் கேபிள் வேண்டாம். ஆம்ப் 4 ஓம் வரை தாங்குமென்றால் இரண்டு 8 ஓம் பெட்டி மாட்டலாம், இரண்டு 4 ஓம் பெட்டி மாட்டக் கூடாது; ஒரே மாதிரி இரண்டு சேர்ந்தால் ஓம் பாதியாகிவிடும்.

மண்டபத்தைச் சுற்றி வசிப்பவர்களுக்காக ஒன்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. அவை காது கேட்கும் விதத்தைப் பின்பற்றும் 'ஏ' அளவுகோலில் சொல்லப்பட்டவை. அந்த அளவுகோல் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டரில் எண் அடங்கித் தெரியும்போதே எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்கலாம். சுவரைத் தாண்டிப் போவதும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். 'மீட்டர் சரியாகத்தானே காட்டுகிறது' என்று அவர்கள் புகாரைத் தள்ளிவிடக் கூடாது.

மண்டப உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்க மேடையை மூலையில் போடாமல் நீளச் சுவரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். பலகைக்குப் பதில் செங்கல் கட்டி உள்ளே மணல் நிரப்பிய ஓரடித் திட்டு ஒன்று நிரந்தரமாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் பின்சுவரில் எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் நான்கு வேண்டும். வீட்டாரிடமும் ஒன்று: குழுவினருக்கு ஆறு மணிக்கு ஹாலைக் கொடுத்து ஆறேகாலுக்குப் பாடச் சொல்லாதீர்கள். பெட்டியை இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கவும், ஒருவர் வாசிக்க இன்னொருவர் கடைசி வரிசை வரை நடந்து கேட்கவும் அரை மணி நேரம் வேண்டும். காலி ஹாலில் சரியாக இருக்கும் பேஸ் கூட்டம் நிறைந்ததும் கனத்துக் கேட்கும். உட்கார்ந்திருப்பவர்களும் பட்டுப்புடவைகளும் மேல் ஒலியைத்தான் உறிஞ்சுவார்கள், பேஸைத் தொடமாட்டார்கள். அதனால் சோதனையின்போது கொஞ்சம் மெலிந்து கேட்கும்படியே விட்டுவிட்டு, நான்காவது பாட்டில் ஒரு முறை நடந்து பார்த்துத் திருத்துவது நல்லது.

இப்படிக்கு,
மேடை ஒலியமைப்பாளர் ஒருவர்,
திண்டுக்கல்.