ஐந்தாவது வட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். மழை தொடங்கியதும் அம்மாவுக்கு மூட்டு வலி திரும்பிவிட்டது, மற்றபடி குறையில்லை. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது மனசை விட்டுப் போகவில்லை. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வேலைக்கான மாதிரித் தேர்வில் தப்பானதில் பாதி வரலாறும் அரசியலமைப்பும்தான் என்றாய். "61-வது திருத்தம் எந்த வருஷம், 73-வது எந்த வருஷம்னு தெரிஞ்சு ஒரு விஏஓ என்னப்பா பண்ணப் போறேன்? பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் இது எதுக்கு?" என்றாய். நான் "படிம்மா, மார்க் வரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். 31 வருஷம் சமூக அறிவியல் நடத்தியவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று வாயில் வராததை இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாறுதலாகி இந்தப் பக்கம் வந்த முதல் வருஷம். எட்டாம் வகுப்பு. "வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துக்குத் தலைமை ஏற்றவர் யார்?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க "ராஜாஜி" என்று சேர்ந்து கத்தியது. ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான். காலையில் உப்பளத்தில் அம்மாவுக்குக் கூடமாட வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையன். கணுக்காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடு போட்டிருக்கும். "சார், எங்கம்மா தினமும்தான் உப்பு வாருது. அதை யாரும் பிடிக்கலையே. அவரை மட்டும் ஏன் சார் பிடிச்சாங்க?" என்று கேட்டான்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

உண்மை என்ன தெரியுமா? எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தலைவர் பெயர் தெரியும், வருஷம் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தப் பையன் உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பிறகுதான் நானே தேடிப் படித்தேன். உப்புக் காய்ச்சுவதும் விற்பதும் அன்றைய அரசின் கையில் இருந்தது. கடலோரத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம். கூழுக்கு உப்புப் போடுகிற ஏழையும் வரி கட்டியாக வேண்டும். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு பேர் நடக்கத் தொடங்கினார்கள். அதற்குச் சரியாகப் பதினோரு வருஷத்துக்கு முன் அதே தேதியில்தான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், இவர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் தங்க இடம் கொடுக்கிறவர்களும் ஜெயிலுக்குப் போவார்கள் என்று மிரட்டி வைத்திருந்தார். ஆனாலும் வழியில் இருந்த ஊர்க்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். யார் வைத்தது என்று எந்தப் போலீஸ் கண்டுபிடிக்கும்? 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளியதும் ராஜாஜியைக் கைது செய்தார்கள்.

அந்த நாட்களில்தான் இங்கே வைரப்பன் என்று ஒரு முடிதிருத்துகிறவர், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய முடியாது என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார். வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. எத்தனையோ தடவை அதைக் கடந்து பஸ்ஸில் போயிருக்கிறோம், ஒருநாளாவது இறங்கி உனக்குக் காட்டினேனா? காட்டவில்லை. அந்தப் பையனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "உங்கம்மாவை இன்னைக்கு யாரும் பிடிக்காம இருக்கிறதுக்குத்தான் அன்னைக்கு அவங்க பிடிபட்டாங்க."

உங்கள் விடைத்தாளில் இப்போது நான்கு விடைகளோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறதே, 'விடை தெரியவில்லை' என்று. அதை நிரப்பும்போது கை கூசுகிறது என்றாய். கூசாதே. அந்த வட்டம் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால், "தெரியவில்லை தம்பி, கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லியிருப்பேன்.

சரி, நீ தப்பாகப் போட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் பொதுத் தேர்தல். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல், பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். இந்த அளவுக்கு உன் கையேட்டிலும் இருக்கும். அதில் இல்லாதது ஒன்று உண்டு. பட்டியல் எழுதப் போனபோது, வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. இன்னார் பெண்சாதி, இன்னாரின் அம்மா என்று மட்டும் சொன்னார்கள். அப்படி எழுதினால் செல்லாது, அவரவர் பெயர் வேண்டும் என்று சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடைசியில் கிட்டத்தட்ட 28 லட்சம் பெயர்களை நீக்கவேண்டி வந்தது. அன்றைக்கு அது அந்தப் பெண்களுக்குப் பெரிய இழப்பு. ஆனால் அவர் அன்று இளகியிருந்தால், பெயரில்லாமலே ஓட்டுப் போடுவது வழக்கமாகியிருக்கும். அவர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். நாளைக்கு உன் மேஜைக்கு முன்னால் ஒரு கிழவி வந்து நின்று "நான் அவரோட சம்சாரம்" என்று மட்டும் சொன்னால், "உங்க பேரு என்னம்மா?" என்று நீ கேட்க வேண்டும். கேட்டு எழுத வேண்டும்.

முதல் அரசியலமைப்புச் சட்டத் திருத்தம், 1951. நீ 1950 என்று போட்டுவிட்டாய். இனி மறக்காது பார். அதற்கும் நம் வீட்டுக்கும் நேரான சம்பந்தம் உண்டு. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் வகுப்புவாரியாக இடம் பிரித்துக் கொடுக்கும் அரசாணை சென்னை மாகாணத்தில் இருந்தது. அதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார், மாகாணமே கொந்தளித்தது. ஜூன் மாதமே அரசியலமைப்பைத் திருத்தி 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று அது சொல்கிறது. நம் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கிடைத்த இடம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வந்தது. உன் தாத்தா அந்தக் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வயலுக்குப் போனார். 15(4) என்றால் எனக்கு அந்தக் காகிதம்தான்.

அப்புறம் உத்திரமேரூர். குடவோலை என்று சரியாகப் போட்டிருக்கிறாய், மன்னன் பெயரில்தான் கோட்டைவிட்டாய். முதலாம் பராந்தகன். கல்வெட்டின் காலம் கி.பி. 919, 921. நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல் நடந்தது என்று வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். ஆனால் கல்வெட்டை முழுக்கப் படித்த பிறகு கூடவே இன்னும் இரண்டு சொல்வேன். ஊர் வேலைகளைப் பார்க்கிற குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்க முடியாது. இது பெரிய விஷயம். அதே சமயம், நிற்பவனுக்குக் கால் வேலிக்கு (வேலி என்பது அந்தக் கால நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். நிலத்தில் உழைத்தவர்களின் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை, பெண்கள் பெயரையும் எழுதவில்லை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

இனி நீ கோபமாகக் கேட்ட அந்த இரண்டு திருத்தங்கள். 61-வது, 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 21 வயது ஆனால்தான் ஓட்டு, அதன் பிறகு 18. நீ கல்லூரி முதல் வருஷத்தில் விரலில் மையோடு படம் எடுத்து அனுப்பினாயே, அது இதனால்தான்.

73-வது 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை அரசியலமைப்பிலேயே இடம் பிடித்தது அதனால்தான். போன அக்டோபர் 2 கூட்டத்தில் நடந்ததைக் கேள். தீர்மான நோட்டில் வெறும் பக்கத்தைக் காட்டி வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போட்டார்கள். என் முறை வந்தபோது நானும் பேனாவை எடுத்துவிட்டேன். உன் அம்மாதான் என் கையைப் பிடித்தாள். "தீர்மானத்த வாசிங்க, அப்புறம் கையெழுத்து. குளம் தூர்வாரின கணக்கையும் வாசிங்க" என்றாள். கூட்டம் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள், பிறகு வாசித்தார்கள். முழுக் கணக்கும் அன்றைக்கு வரவில்லை, அடுத்த கூட்டத்தில் வைப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். எட்டாவதோடு நின்றவள் அம்மா. 73 என்ற எண் அவளுக்குத் தெரியாது. எண் தெரிந்த நான் வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடப் போனேன். நீ எண்ணையும் தெரிந்துகொள், அம்மா கேட்ட மாதிரி கேட்கவும் தெரிந்துகொள். விஏஓ வேலைக்கு இரண்டும் வேண்டும். நீயும் அந்தக் கூட்டங்களில் உட்காரப் போகிறவள்.

இன்னும் ஒன்று, தேர்வுக்கு வராவிட்டாலும் எழுதுகிறேன். 1996-இல் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்ந்து தேர்தல் வந்தது. அப்போது நான் கீழ்வேளூர் பக்கம் வேலை பார்த்தேன். உப்பளத்து ஊர் ஒன்றில் எனக்குத் தேர்தல் பணி போட்டார்கள். விரலில் மை வைக்கிற வேலை. உப்பு வாருகிற நாட்கள் அவை. மத்தியானம் ஒரு அம்மா பாத்தியிலிருந்து நேராக வந்து இடது கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளையாக இறங்கியிருந்தது. மை பட்டால் எரியுமோ என்று தயங்கினேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஐயா, நான் திரும்பப் போயி உப்புலதான் கைய வைக்கணும். இது அழிஞ்சுடுமா?" என்று கேட்டார். அழியாதும்மா என்றேன். ஏன் அழியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. பள்ளிக்குத் திரும்பியதும் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அந்த மையில் இருப்பது சில்வர் நைட்ரேட், தோலில் இருக்கிற உப்போடு சேர்ந்தால்தான் அது தண்ணீரில் கரையாத பொருளாகி வெயிலில் கறுக்கும் என்றார். 'உப்பு பட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்மா' என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வீடு என்று தெரியாது, போக முடியவில்லை.

நீ எழுதப்போகும் தாளில் 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்க முடியாது, எனக்குத் தெரியும். அதனால் இப்போதே, படிக்கிற காலத்திலேயே, ஒரு ஆண்டைப் பார்த்தால் அந்த வருஷம் யாருக்கு என்ன முடியாமல் இருந்தது, அதன் பிறகு என்ன முடிந்தது என்று ஒரு வரி பக்கத்தில் எழுதிவை. தெரியாததற்கு எனக்குப் போன் பண்ணு. எனக்கும் தெரியாவிட்டால் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். "படி, மார்க் வரும்" என்று இனிச் சொல்ல மாட்டேன்.

என்னிடம் இருக்கும் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். முதல் பக்கம் கிழிந்திருக்கிறது, முகப்புரையைத் தனித்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முறுக்கு டப்பாவை மேலே வைக்காதே, அதில் எண்ணெய்க் கசிவு இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது ஒருநாள் முன்னதாகவே வா. மழை விட்டு உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்கியிருப்பார்கள். வைரப்பன் தூணைப் பார்த்துவிட்டு, அப்படியே அகஸ்தியன்பள்ளி வரைக்கும் போய் வரலாம். அம்மாவும் வருகிறாளாம்.

அன்புடன்,
அப்பா