பெயர் போட வேண்டாம் என்ற அக்காவுக்கு

ஒரு வருட மென்பொருள் பயிற்சி நேற்றோடு முடிந்தது. 100ஆம் இலக்க பஸ்ஸும் வெள்ளவத்தை அறையும் பழகவே இரண்டு மாதம் போனது, அதை விடுங்கள்.

சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை இரவைப் பற்றி. கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளும் 'ரீசெட் ஹார்ட்' கட்டளையை அடித்து மூன்று நாள் வேலையைத் தொலைத்துவிட்டு வியர்த்துப்போய் இருந்தேன். வேறு டீம் அக்கா, வீட்டுக்குக் கிளம்பியவர், பையை இறக்கிவைத்து உட்கார்ந்தார். "கொமிட் பண்ணிப்போட்டீர்தானே தம்பி? அப்ப பயப்படாதையும்." கொமிட் என்றால் செய்த வேலையைக் கிட்டில் பதிந்துவைப்பது. நான் எந்தெந்தக் கொமிட்டில் நின்றேன் என்று கிட் குறித்துவைக்கும் ரீஃப்லாக்கைப் பார்க்கச் சொன்னார். எந்தக் கிளையிலும், அதாவது எந்த வேலை வரிசையிலும், இல்லாத கொமிட்டையும் கிட் வழக்கமாக 30 நாளாவது வைத்திருக்குமாம். கீபோர்டை அவர் தொடவேயில்லை. என்னைக் கொண்டே மீட்க வைத்தார். பாவம், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்.

நன்றி அக்கா. அந்த ஓட்டோக் காசு நான் இன்னும் தரவேண்டும்.