அப்பாவின் கல்வெட்டுப் படங்கள்: டிவிடியில் பாதியில் வெட்டுப்பட்ட பெயர்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: டிவிடியில் பதிந்து தந்த 5,860 படங்களின் பெயர்கள் வெட்டுப்பட்டது – தங்களிடம் உள்ள நகலை அழிக்காமல் வைத்து, மறுபடி பதிந்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். டிவிடியில் பதிய நான் தந்த அப்பாவின் ஹார்டு டிஸ்க்கின் நகலை 90 நாள் வைத்திருந்து அழித்துவிடுவோம் என்று உங்கள் ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. இன்று 74ஆம் நாள். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். மீதிக் கடிதத்தை நாளை படித்தாலும் சரி, இந்த ஒன்றை இன்றே செய்யுங்கள்.

என் அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருடம், ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாகப் பஸ் ஏறிவிடுவார். திருவொற்றியூர், காஞ்சிபுரம், உத்திரமேரூர் என்று கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படம் எடுத்தார். போன தை மாதம் தவறிவிட்டார்.

நீளமான கல்வெட்டு ஒரே படத்தில் படிக்கும்படி அடங்காது. துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எத்தனையாவது வரி என்று அத்தனையையும் படத்தின் பெயரிலேயே எழுதிவைப்பார். “ஃபோல்டருக்கு மட்டும் பேர் வெச்சா, யாராவது படத்தைத் தனியா காப்பி பண்ணும்போது ஊர் பேர் விட்டுப்போயிடும்மா” என்பார். ஒரு பெயரை அப்படியே தருகிறேன்:

காஞ்சிபுரம் மாவட்டம் - உத்திரமேரூர் - வைகுண்டப் பெருமாள் கோயில் - மேற்குச் சுவர் - வலப்புறம் - 7ஆம் வரி

நீங்கள் தந்த டிவிடியில் இருப்பது:

காஞ்சிபுரம் மாவட்டம் - உத்திரமேரூர் - வைகுண்டப் பெருமாள் 001

அடுத்தது 002, அதற்கடுத்தது 003. இப்படியே போகிறது. சுவர் இல்லை, பக்கம் இல்லை, வரி இல்லை. கோயில் என்ற சொல்லே இல்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையை வெட்டிவைத்த கோயில் அது. படத்தைத் திறந்தால் ஒரு முழ அகலக் கல்லும், எண்ணெய்ப் பிசுக்கும், பழைய எழுத்து பத்துப் பன்னிரண்டும் தெரிகின்றன. அது எந்தச் சுவரில் எந்த வரி என்று அந்தப் பெயர்தான் சொல்ல முடியும். டெலிவரி எடுத்த அன்று நாலைந்து படங்களைத் திறந்து பார்த்தேன், தெளிவாக இருந்தன. அப்பாவின் நண்பர் ஒருவர் ஒரு வரியைச் சரிபார்க்கக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

உங்கள் கவுண்டரில் கேட்டதற்கு, “தமிழ்ல பேர் வெச்சா அப்படித்தான் மேடம் ஆகும்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் பெயர் வைத்தது குற்றமில்லை. டிவிடியை எந்த அமைப்பில் பதிகிறோம் என்பதில்தான் தவறு நடந்திருக்கிறது.

உங்கள் ஊழியர் பயன்படுத்தியது, வட்டில் கோப்புப் பெயர்களை எழுதும் முறைகளில் ஒன்றான ஜோலியட் அமைப்பு. விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதில் தமிழ் எழுத்து தாராளமாக ஏறும். ஆனால் ஒரு பெயருக்கு 64 குறியீடுதான் இடம். நாம் எழுத்தை எண்ணுகிற மாதிரி கணினி எண்ணுவதில்லை. ‘காஞ்சிபுரம்’ நமக்கு ஆறு எழுத்து. காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு 11. உட்கார்ந்து எண்ணினேன். ‘பெருமாள்’ முடிந்து இடைவெளி விடும்போது 57 ஆகிறது. பெயர்கள் ஒன்றாகிவிடாமல் இருக்க மென்பொருள் போட்ட எண் 3, படக் கோப்பின் பெயர்க் கடைசியில் வரும் புள்ளியும் ஜேபிஜியும் சேர்ந்து 4. சரியாக 64.

அப்பா வைத்த முழுப் பெயர், அந்தப் புள்ளியும் ஜேபிஜியும் சேர்த்து, 107 குறியீடு. யூடிஎஃப் என்ற இன்னொரு அமைப்பில் பதிந்திருந்தால் தமிழ்ப் பெயருக்கு 127 வரை இடம் உண்டு, ஓர் எழுத்துகூடப் போயிருக்காது. டிவிடிக்கு உரிய அமைப்பே யூடிஎஃப்தான். இரண்டும் பதியும் மென்பொருளின் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெயர் நீளம், சுருக்கட்டுமா என்று மென்பொருள் கேட்டதாகவும், ஓகே கொடுத்துவிட்டதாகவும் அந்தத் தம்பியே சொன்னார். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

எழுதி முடித்த டிவிடியில் பெயரைத் திருத்தவும் வழியில்லை. மூல ஹார்டு டிஸ்க் நீங்கள் திருப்பித் தந்த மூன்றாம் வாரம் நின்றுபோனது. ரிச்சி தெருவில் காட்டினேன், தகவலைப் படிக்கும் ஹெட் போய்விட்டது, மீட்டுத் தர உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். அதை உங்கள் மேல் போடவில்லை. ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்ததால்தான் அவசரமாக உங்களிடமே கொண்டுவந்தேன். ஆக, அப்பா வைத்த பெயர்கள் இப்போது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. உங்கள் சர்வரில்.

நகல் பத்திரமாக இருக்கிறது என்று எழுத்தில் உறுதி வேண்டும். 5,860 படங்களையும் பெயர் மாறாமல் நான் கொண்டுவரும் புது ஹார்டு டிஸ்க்கில் ஏற்றித் தர வேண்டும். ஏழு டிவிடிகளையும் யூடிஎஃப் அமைப்பில் கட்டணமின்றி மறுபடி பதிந்து தர வேண்டும். இது நடந்தால் நான் கட்டிய 4,200 ரூபாயைத் திருப்பிக் கேட்க மாட்டேன். மறுபடி பதிய ‘புது ஆர்டர்’ போடச் சொன்னார்கள், அதற்குச் சம்மதமில்லை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று சென்னை நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீதின் நகலும், வெட்டுப்பட்ட பெயர்கள் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை ஹார்டு டிஸ்க்குடன் நேரில் வருகிறேன். முதல் டிவிடியைப் பதிந்ததும் அங்கேயே போட்டு, உத்திரமேரூர் ஃபோல்டரைத் திறந்து, ‘7ஆம் வரி’ என்று முடிகிற பெயரைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்