பெரியம்மாவின் பெயரைப் போடுங்கள்: சந்தாதாரரின் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள், ஓடிடி (இணையவழித் திரைப்படத் தளம்) நிறுவனம்

பொருள்: படம் உருவான விதத்தைக் காட்டும் உங்கள் ‘மேக்கிங்’ ஆவணப்படத்தில் எங்கள் பகுதி ஆட்களின் பெயர்கள் இல்லாதது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். சாட்டில் எழுதி, போனில் மன்றாடி, மெயில் போட்டு அலுத்துப்போய்த்தான் இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

படத்துக்காக உழைத்த அத்தனை பேரையும் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்தீர்கள். அதை நம்பித்தான் வருடச் சந்தா கட்டினேன். மூன்றாம் பகுதியில் அந்த மீன் மார்க்கெட் காட்சி உங்களுக்கே தெரியும். கதாநாயகிக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் பெரியம்மா. கொடுவா மீனின் வாலை இறுக்கிப் பிடித்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதிலைச் சீவிக் காட்டுகிறார். நடிகையின் கை வழுக்கும்போது மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துகிறார். திரையில் நடிகைக்குப் பெயர் வருகிறது, அவருடைய ஜிம் டிரெயினருக்கு வருகிறது, முடி அலங்காரம் செய்தவருக்கும் வருகிறது. பெரியம்மாவுக்குக் கீழே ‘மீனவப் பெண்’. பின்னணிக் குரல் வேறு, நடிகை தானாகவே கற்றுக்கொண்டார் என்கிறது!

இது ஒருவர் விஷயம் மட்டுமில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளே உள்ள ஊர் எங்களுடையது. சண்டைக் காட்சிக்குப் பயிற்சி கொடுத்த வாத்தியாரின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. கேமரா பக்கத்தில் நின்று ஃபோகஸ் பார்க்கும் பெண்ணுக்கும் பெயர் இல்லை. பி.ஆர்.விஜயலட்சுமி 1985-லேயே ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்துவிட்டார். இன்னும் அந்த இடத்தில் நிற்கும் பெண்ணின் பெயரைப் போட உங்களுக்கு என்ன தயக்கம்? கடைசியில் ஓடும் பட்டியலில் இருக்கும் என்கிறீர்கள். அது வருவதற்குள் உங்கள் ஆப்பே திரையைச் சுருக்கி அடுத்த படத்தை ஆரம்பித்துவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

உங்கள் கால் சென்டரில் ஒருவர் சொன்னதை மறக்கவே முடியவில்லை. “அந்தம்மா பேர் தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? பிடிக்கலன்னா கேன்சல் பண்ணிக்கோங்க.” பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. நான் மரியாதையாகத்தான் பேசினேன், சார். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே சொல்கிறீர்கள், போட்டுக் கேளுங்கள்.

நேரில் வந்தால் தீரும் என்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்கு வந்தேன். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கரை திரும்பிய வாரம் அது. 61 நாள் காத்திருந்து வரும் வியாபாரம். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். வாட்ச்மேன் லிஃப்ட் பக்கமே விடவில்லை. வடபழனியில் தயாரிப்பாளரைப் பாருங்கள் என்றார்கள். அங்கே போனால், அது ஓடிடி-காரங்க வேலை என்று உங்களையே கை காட்டினார்கள். எங்களுக்கு அந்த வருஷத்து வருமானமே போனது போலத்தான்.

தயவுசெய்து இதையாவது படியுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். தராவிட்டால் அடுத்து உங்கள் சுய ஒழுங்குமுறை அமைப்பு, அதற்கும் மேலே ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடுவேன், நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. மூன்றாம் பகுதியைத் திருத்தி, அந்தப் பின்னணி வரியை நீக்கி, பெயர்களைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள். கால் சென்டரில் அப்படிப் பேசியவர் பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

பெரியம்மாவின் முழுப் பெயரை இத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வாத்தியாரின் பெயரும் அதில் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லாமல் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் வருடச் சந்தாதாரர்,
காசிமேடு, சென்னை.