இயாகோவுக்கு வில்லன் சிரிப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மேடைகளில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ போடும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. தளபதி ஒத்தெல்லோவின் மனத்தில் சந்தேகத்தை விதைத்து, அவன் தன் மனைவியையே கொல்லும்படி செய்யும் கீழதிகாரி இயாகோ. அவன் முதல் காட்சியிலேயே கறுப்பு உடையில் வந்து, அடித்தொண்டையில் பேசி, அரங்கைப் பார்த்துச் சிரிக்கிறான். இப்படிப்பட்டவனை நம்பும் ஒத்தெல்லோ முட்டாளாகத் தெரிகிறான். பிறகு யாருக்காக நாம் அழுவது?

நாடகப் பிரதி வேறோர் இயாகோவைக் காட்டுகிறது. தன் வயதை அவனே சொல்கிறான்: நான்கு ஏழு, அதாவது 28. கூட உட்கார்ந்து குடிப்பான், பாட்டுப் பாடுவான். பதவி பறிபோன துணைத்தளபதி கேசியோவும், கணவன் வைத பிறகு ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவும் யோசனை கேட்பது அவனிடம்தான். ‘நேர்மை’, ‘நேர்மையான’ என்ற பொருள் தரும் சொற்கள் நாடகத்தில் ஐம்பது தடவைக்கு மேல் வருகின்றன; அவற்றில் பல அவனைக் குறிப்பவை. வன்மத்தை, மேடையில் தனியாக நின்று பேசும் தனிமொழியில் மட்டும் காட்டினால் போதும். ஒத்தெல்லோவைவிட அவனுக்கே வரிகள் அதிகம் என்பதால் அதற்கு இடமும் தாராளமாக இருக்கிறது.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை, சுமார் 480 வரிகளையும், தனியாக எடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும். டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் கேசியோ விலகிப் போவதைப் பார்த்து, “இது எனக்குப் பிடிக்கவில்லை” என்று இயாகோ முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். அடுத்து, கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்கிறான். “நேர்மையானவனா, பிரபு?” “நினைப்பதா, பிரபு?” இந்த எதிரொலிகளுக்கு முன்னால் ஒரு மூச்சளவு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை ஒத்தெல்லோ தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறான். வேகமாகப் பேசிவிட்டால் காட்சி வெறும் கோள்மூட்டலாகச் சுருங்கிவிடும்.

பிறகுதான், “தகப்பனை ஏமாற்றித்தானே உங்களை மணந்தாள்” என்கிறான். முதல் அங்கத்தில் டெஸ்டிமோனாவின் தந்தை விட்டெறிந்த எச்சரிக்கை இது. நேரம் மிச்சப்படுத்த அந்த அங்கத்தின் வெனிஸ் காட்சிகளை வெட்டுகிறவர்கள் இந்த அடியின் வலுவையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். இதுவரை அவன் பேசியதில் பெரும்பகுதி அரைகுறை உண்மையும் குறிப்பும்தான். டெஸ்டிமோனாவைப் பற்றிக் கேசியோ தூக்கத்தில் உளறினான், ஒத்தெல்லோ அவளுக்குத் தந்த கைக்குட்டையால் தாடி துடைத்தான் என்ற அப்பட்டமான பொய்கள், ஒத்தெல்லோ சாட்சி கேட்ட பிறகே வருகின்றன. நடிகர் முதல் பாதியைத் தயக்கத்தோடும் இரண்டாம் பாதியை விவரம் சொல்லும் நிதானத்தோடும் பேசினால் இந்த ஏற்றம் புரியும்.

கைக்குட்டையிலும் கவனம் தேவை. கடைசி வரிசைக்குத் தெரியட்டும் என்று துண்டு அளவுக்குத் தைத்துவிடுகிறார்கள். தன் தலைவலிக்கு டெஸ்டிமோனா அதைக் கட்ட வரும்போது, “இது சின்னது” என்கிறானே ஒத்தெல்லோ! ஓரடிச் சதுரம் போதும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தைத்தால் தூரத்திலிருந்தும் தெரியும். டெஸ்டிமோனா அதை அலட்சியமாகத் தவறவிடக் கூடாது. அவன் விலக்கியதால் விழ வேண்டும். “விட்டுவிடு” என்பதும் அவன்தான்.

நான்காம் அங்கத்தில் ஒத்தெல்லோ ஒளிந்து பார்க்கும் இடத்தில் தூரம் முக்கியம். இயாகோ கேசியோவிடம் அவனுடைய காதலி பியாங்காவைப் பற்றிப் பேச, அது டெஸ்டிமோனாவைப் பற்றிய பேச்சு என்று ஒத்தெல்லோ நினைக்கிறான். கேசியோவின் சிரிப்பு அவனுக்குத் தெரிய வேண்டும், பியாங்காவின் பெயர் கேட்கக் கூடாது. இயாகோ அந்தப் பெயரைக் குரல் தாழ்த்திச் சொல்ல வேண்டும். மூன்றடி தூரத்தில் தூணுக்குப் பின்னால் நிறுத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? துணைத்தளபதி பதவி தனக்குக் கிடைக்காமல் கேசியோவுக்குப் போனது என்கிறான் இயாகோ. தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்ற வதந்தியையும் சொல்கிறான். எதிலும் நிலைத்து நிற்பதில்லை. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு பின்கதை சேர்க்கும் இயக்குநர்கள் அவனைச் சிறியவனாக்குகிறார்கள்.

இறுதிக் காட்சியில், இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்கிறான். அதோடு அவனை உள்ளே இழுத்துப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது. அது பிழை. கட்டிலில் கிடக்கும் பிணங்களைக் காட்டி, “இது உன் வேலை” என்று வெனிஸிலிருந்து வந்த தூதன் லொடோவிகோ சொல்வது அவனிடம்தான். அதுவரை அவன் காயத்தோடும் கட்டுண்டும் கட்டிலைப் பார்த்தபடி மேடையிலேயே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர்,
மதுரை.